கழுதைக்கு 50! மனிதனுக்கு 55!

வாயில்லாப் பிராணியின் முதுகில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதற்கு நம் நாட்டில் விதி உண்டு, அறிவீர்களா? 1960-ஆம் ஆண்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1965-ஆம் ஆண்டில், வண்டி இழுக்கும் விலங்குகளுக்கும் பொதி சுமக்கும் விலங்குகளுக்கும் எனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. ஒட்டகத்தின் முதுகில் 250 கிலோ ஏற்றலாம். கோவேறு கழுதைக்கு 200. மட்டக்குதிரைக்கு 70. கழுதைக்கு 50. அதற்குமேல் ஏற்றினால் குற்றம்!

சுமையோடு நின்றனவா அந்த விதிகள்? இல்லை. நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்காதே என்றன. 5 மணி நேரம் தொடர்ந்து உழைத்துவிட்டால், ஓய்வு கொடுத்துவிட்டுப் பிறகு ஓட்டு என்றன. வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடமானால், நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை அந்தப் பிராணியை வேலையில் பூட்டவே கூடாது என்றன.

நல்ல விதிகள்! எழுதிய கைகள் வாழ்க! வாய்விட்டு அழ முடியாத உயிருக்காக வாதாட ஒரு சட்டம் வந்ததே, அது நாகரிகத்தின் நன்முத்திரை.

இனி, மற்றோர் ஏட்டைப் புரட்டுங்கள். 1998-ஆம் ஆண்டில், கட்டடத் தொழிலாளருக்கென மத்திய அரசு விதிகள் வகுத்தது. துணையாளோ கருவியோ இல்லாமல் ஒருவர் தனியே தூக்கிச் சுமக்கும் எடை எவ்வளவு இருக்கலாம் என்று அங்கும் ஓர் அட்டவணை போட்டார்கள். வயதுவந்த பெண்ணுக்கு 30 கிலோ. வயதுவந்த ஆணுக்கு 55 கிலோ!

கழுதைக்கு 50! மனிதனுக்கு 55!

நான்கு கால்களை ஊன்றிச் சமதரையில் நடக்கும் பிராணிக்கு 50. இரண்டு கால்களில் நின்று, சுமையோடு சாரத்திலும் ஏணியிலும் ஏறும் மனிதனுக்கு ஐந்து கிலோ அதிகம்! மனிதன் உயர்ந்தவன் என்பதை நம்மவர்கள் இப்படியா நிலைநாட்ட வேண்டும்?

நாடகக்காரன் நான், என் மனம் உடனே ஒரு காட்சியைக் கட்டிவிட்டது. கட்டடம் எழும் இடம். மணற்குவியலின் ஓரம். பொதி இறக்கிய கழுதை ஒருபுறம். மூட்டை இறக்கிய மனிதன் மறுபுறம்.

கழுதை: ஏன் அண்ணே, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்? மணி பன்னிரண்டாகிறதே, நிழலுக்கு வருவதுதானே?

மனிதன்: லாரியில் இன்னும் மூட்டை இருக்கிறது.

கழுதை: வெயில் கொளுத்துகிறதே! எனக்குச் சட்டம் இருக்கிறது, இந்நேரத்தில் என்னைத் தொடமாட்டார்கள். உமக்கு?

மனிதன்: எனக்கு மேஸ்திரி இருக்கிறார்.

கழுதை: அது போகட்டும். உம் தலையில் ஏறுவது எத்தனை கிலோ?

மனிதன்: ஐம்பது.

கழுதை: அட! நாம் இருவரும் ஒரே சாதி!

மனிதன்: இல்லை தம்பி. உன்னைவிட எனக்கு ஐந்து கிலோ அதிகம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

சிரிப்பு வருகிறதல்லவா? சிரித்து முடித்த பிறகு சிந்தியுங்கள் தோழர்களே! நம் ஊர்களில் எழும் ஒவ்வொரு மாடத்துக்கும் மண்டபத்துக்கும் கீழே இந்தக் கணக்குத்தான் கடைக்காலாகக் கிடக்கிறது.

50 கிலோ எங்கிருந்து வந்தது? சிமெண்டு மூட்டையின் எடை அது. பத்து டன் ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றால், அதில் 200 மூட்டை. நால்வர் இறக்குகிறார்கள் என்று வையுங்கள். தலைக்கு 50 மூட்டை. உண்மையாகவே ‘தலைக்கு’! இரண்டரை டன் எடை ஒரு மனிதனின் கழுத்து வழியாக, முதுகு வழியாக, முழங்கால் வழியாகத் தரைக்கு இறங்குகிறது. அது அன்றைய வேலையின் தொடக்கந்தான். கலவை போடுவது பிறகு, கட்டுவது பிறகு.

சித்தாளைப் பாருங்கள். சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, அதன்மேல் பலகை வைத்துச் செங்கல் அடுக்குகிறாள். கல் ஒன்று ஏறத்தாழ மூன்று கிலோ. பத்துக் கல் அடுக்கினால், பெண்ணுக்கென எழுதிய 30 கிலோ அங்கேயே தீர்ந்துவிடுகிறது. பத்தோடு நிற்கிறதா அடுக்கு? தளம் போடும் நாளிலோ, கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் சேர்ந்த சிமெண்டு யாருக்காகவும் காத்திராது, இறுகத் தொடங்கிவிடும். ஆகவே அவளும் நிற்க முடியாது. கலவைக்கு இருக்கும் அவசரம் அவள் எலும்புக்கு விதியாகிறது.

கம்பி கட்டுபவன் காலையிலிருந்து மாலை வரை வில்லாக வளைந்தபடியே முடிச்சுப் போடுகிறான். தரைக்கு டைல்ஸ் பதிப்பவன் முழங்காலையே பாதமாக்கிக்கொண்டு நகர்கிறான். கூரையின் அடிப்புறம் பூசுபவன் கழுத்தை அண்ணாந்து வைத்தது வைத்தபடி நிற்கிறான். கட்டடம் நிமிர்கிறது, கட்டியவன் கூனுகிறான்!

2014 சூன் 28. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டி முடியாத 11 அடுக்குக் கட்டடம் சரிந்து விழுந்தது. 61 உயிர்கள் இடிபாட்டில் மாண்டன. பிழைப்புத் தேடி அண்டை மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. நாடு நடுங்கிற்று, ஏடுகள் எழுதின, விசாரணை நடந்தது. நடந்தே ஆகவேண்டியதுதான். ஆனால், ஓசையில்லாமல் நடக்கும் சரிவு ஒன்று இருக்கிறது. நாற்பது வயதில் ஒருவன் பாயிலிருந்து எழ முடியாமல் மனைவியின் தோளைப் பற்றுகிறான். ஐம்பது கிலோவைத் தூக்கியவன், ஐந்து வயதுப் பேரனைத் தூக்க அஞ்சுகிறான். அந்தச் சரிவுக்குத் தேதி இல்லை. சாட்சி இல்லை. விசாரணை இல்லை. சாரத்திலிருந்து விழுந்தால் ‘விபத்து’ என்று எழுதுகிறார்கள். பதினைந்து ஆண்டு மூட்டை சுமந்து முதுகு ஒடிந்தால் என்ன எழுதுகிறார்கள்? ஒன்றும் எழுதுவதில்லை. ‘அவனுக்கு வயதாகிவிட்டது’ என்கிறார்கள். வேறு ஆளை அழைக்கிறார்கள்.

‘ஜவ்வு விலகிவிட்டது’ என்று நம் மக்கள் சொல்வார்களே, அது என்ன என்று பார்ப்போம். முதுகெலும்பு ஒரே தூண் அன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகள் அவை. இரண்டு எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் ஒரு வட்டு. அந்த மெத்தைதான் ஒவ்வோர் அதிர்வையும் ஒவ்வோர் அழுத்தத்தையும் தாங்குகிறது. தாங்க முடியாதபோது பிதுங்குகிறது; பக்கத்தில் ஓடும் நரம்பை நெருக்குகிறது. இடுப்பில் தொடங்கும் வலி, காலின் கீழ்வரை மின்னலாய் இறங்குகிறது.

இதற்குள் இருக்கும் கணக்கு, கல்லூரியை முடிக்காத எனக்கும் விளங்கும் கணக்குத்தான். பள்ளியில் நாம் படித்த நெம்புகோல் கணக்கு. குனிந்து ஒரு பொருளைத் தூக்குகையில் இடுப்புத்தான் நெம்புகோலின் ஆதாரம். பொருளோ அரை மீட்டர் முன்னால் இருக்கிறது. இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசையோ எலும்புக்குப் பின்னால் ஐந்து சென்டிமீட்டரில் இருக்கிறது. தூரம் பத்து மடங்கு. ஆகவே தசை இழுக்கவேண்டிய விசையும் பத்து மடங்கு! கையில் 20 கிலோ என்றால் இடுப்பில் 200 கிலோ. குனிந்த உடம்பின் எடைக்கு அதற்குமேல் தனிக் கணக்கு.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்பவர்களுக்காக ஒரு செய்தி. ஆல்ஃப் நாக்கெம்சன் என்ற சுவீடன் நாட்டு மருத்துவர், 1960-களில், மனிதரின் முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்கையில் அழுத்தம் 100 என்று கொண்டால், படுத்திருக்கையில் அது ஏறத்தாழ 25. முன்னே குனிந்தால் 150. சுமையோடு குனிந்தால் 220! சட்டியை எடுக்க ஒவ்வொரு முறை குனியும்போதும் நம் தோழியின் முதுகுக்குள் நடப்பது இதுவே.

இவ்வளவையும் சொன்னால், எதிரே ஒரு குரல் எழும். ‘அவர்களுக்கு அது பழக்கம் ஐயா! உழைத்து உரமேறிய உடம்பு!’

உரமேறிய உடம்பாம்! தசைக்கு உரம் ஏறும், உண்மை. நாளும் நசுங்கும் வட்டுக்கு ஏறுமா உரம்? இரும்புப் பாலத்துக்கே இவ்வளவு எடைதான் என்று பலகை எழுதி மாட்டுகிறான் பொறியாளன். கப்பலுக்குக்கூட எல்லை இருக்கிறது! அளவுக்குமேல் சரக்கேற்றி மாலுமிகளைக் கடலுக்குப் பலிகொடுத்து வந்தனர் கப்பல் முதலாளிகள். சாமுவேல் பிளிம்சால் என்பவர் ஆங்கில நாடாளுமன்றத்திலே போராடினார். 1876-இல் சட்டம் வந்தது; கப்பலின் விலாவில் ஒரு கோடு விழுந்தது. இதுவரைதான் மூழ்கலாம், இதற்குமேல் கூடாது! கப்பலின் விலாவில் விழுந்த கோடு, உழைப்பவனின் விலாவில் மட்டும் ஏன் கழுதையின் கோட்டுக்கும் அப்பால் விழுகிறது?

இன்னொரு குரலும் எழும். அது நல்லவர்போல் பேசும் குரல். ‘தூக்கத் தெரியாமல் தூக்குகிறார்கள். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தித் தூக்கினால் வலி வராது. பயிற்சி கொடுங்கள், போதும்!’

பயிற்சி வேண்டும், மறுக்கவில்லை. பொருளை உடலோடு அணைத்துத் தூக்குவது நல்லது என்று நெம்புகோலே சொல்கிறது. ஆனால், நாளைக்கு ஐம்பது முறை ஐம்பது கிலோவைத் தூக்கச் சொல்லிவிட்டு, தூக்கும் அழகைத் திருத்துவது எதற்கு ஒப்பாகும்? மூழ்கும் கப்பலில் இருப்பவனுக்கு நீச்சல் பாடம் நடத்துவதற்கு ஒப்பாகும்! பிழை மனிதனின் குனிவில் இல்லை தோழர்களே. அவனைக் குனியவைக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் எந்த அரண்மனை அறிஞனும் அல்லன், ஒரு கொத்தனார்!

1885. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். பிராங்க் கில்பிரெத் என்ற 17 வயது இளைஞன். பெரிய தொழில்நுட்பக் கல்லூரியில் சேரும் வாய்ப்பு இருந்தும் அதை விட்டுவிட்டுக் கரணையைக் கையில் எடுத்தான்; செங்கல் அடுக்கக் கற்றுக்கொள்ளப் போனான். கற்றுக்கொடுத்த கொத்தனார்களைக் கூர்ந்து கவனித்தான். சொல்லிக்கொடுக்கும்போது ஒருவிதமாக அடுக்கினார்கள். விரைந்து செய்யும்போது ஒருவிதம், ஓய்ந்து செய்யும்போது ஒருவிதம். அவர்கள் எல்லாரும் ஒன்றில் மட்டும் ஒத்திருந்தனர்: ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்தனர்!

கல் கிடந்தது காலடியில். கலவை கிடந்தது காலடியில். கல்லின் எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். அதை எடுக்க, எழுபது கிலோ உடம்பை இரண்டடி இறக்கி, மீண்டும் ஏற்ற வேண்டும். நாளைக்கு ஆயிரம் முறை! அவன் தூக்கியது கல்லையா, தன்னையா?

கில்பிரெத் மனிதனைத் திருத்தப் புறப்படவில்லை; சாரத்தைத் திருத்தினான். சுவர் உயர உயரத் தானும் உயரும் சாரம் ஒன்றை அமைத்தான். கொத்தனார் நிற்க ஒரு தளம். அவர் இடுப்புயரத்தில் கல்லும் கலவையும் இருக்க மற்றொரு தளம். கற்களை நல்ல முகம் மேலே தெரியும்படி முன்னரே அடுக்கிவைக்கத் துணையாள். கலவை பதமாக இருந்தால் கல்லைத் தட்டித்தட்டி அமர்த்தும் வேலையும் மிச்சம். விளைவு என்ன? ஒரு கல் வைக்கப் 18 அசைவுகள் தேவைப்பட்ட இடத்தில் 5 போதுமாயிற்று. மணிக்கு 120 கல் வைத்தவர் 350 கல் வைத்தார். டெய்லர் என்ற பொறியாளர் 1911-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கணக்கு பதிவாகியிருக்கிறது. பின்னர், 1916-இல், கில்பிரெத்தும் அவர் துணைவியார் லில்லியனும் களைப்பைப் பற்றியே ஒரு நூல் எழுதினர்.

இங்கேதான் நாம் விழித்திருக்கவேண்டும். மூன்று மடங்கு கல் ஏறிற்றே, கூலியும் மூன்று மடங்கு ஏறிற்றா? ஏறவில்லை. ‘குனியாமல் வேலை செய்’ என்று கனிவோடு தொடங்கும் பேச்சு, ‘நிமிர்ந்து நின்றாயல்லவா, இன்னும் இருநூறு வை’ என்று முடிந்துவிடக்கூடும். முதுகைக் காக்க வந்த அறிவை, முதுகைப் பிழியும் கருவியாக்கிவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அறிவு மட்டும் போதாது. அந்த அறிவின் பயன் யாருக்கு என்று கேட்கும் சங்கமும் வேண்டும்.

உழைப்பைப் பற்றிய இந்த அறிவுத்துறைக்கு இன்று பணிச்சூழலியல் என்று பெயர். 1857-இல் போலந்து நாட்டு அறிஞர் யஸ்த்செம்போவ்ஸ்கி இதற்குப் பெயர் சூட்டினார். அதற்கும் முன்பே, 1700-இல், இத்தாலி நாட்டு மருத்துவர் இராமசினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்ற கேள்வியையும் மருத்துவர் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்றார். முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இடுப்பு வலி என்று போகும் நம் சித்தாளிடம், ‘நாளைக்கு எத்தனை சட்டி அம்மா?’ என்று கேட்கும் மருத்துவர் எத்தனை பேர்?

கருவியின் நீளம்கூட ஆதிக்கத்தின் அளவுகோலாக முடியும் என்பதற்குக் கட்டடத்துக்கு வெளியே, கழனியிலிருந்து ஒரு சான்று சொல்கிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அங்கே கீரைத் தோட்டங்களிலும் கிழங்குத் தோட்டங்களிலும் மெக்சிக்கோவிலிருந்து வந்த தொழிலாளர் கையில் ஒரு களைக்கொட்டு. காம்பு ஓரடி, ஒன்றரையடி. நாள் முழுதும் இரண்டாக மடிந்துதான் கொத்தமுடியும். ‘நீளக் காம்பு வேண்டும்’ என்றார்கள். ‘பயிர் கெட்டுவிடும்’ என்றார்கள் முதலாளிகள். உண்மைக் காரணங்களுள் ஒன்று வேறு: குட்டைக் காம்பென்றால், வேலை செய்கிறவன் குனிந்திருப்பான், நிமிர்ந்தவன் எவன் என்று கங்காணிக்குத் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும்! மருத்துவர்கள் சான்றளித்தனர், வழக்கு மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் வரை போயிற்று. 1975-இல் அந்தக் குட்டைக் களைக்கொட்டு தடைசெய்யப்பட்டது. கலிபோர்னியாவில் கீரை விளையாமற் போய்விட்டதா? இல்லை. முதுகுகள் நிமிர்ந்தன, அவ்வளவே!

கழனியில் காம்பு, கட்டடத்தில் மூட்டை. சிமெண்டு மூட்டை 50 கிலோவாகத்தான் இருந்தாகவேண்டும் என்று எந்த மலையில் எழுதியிருக்கிறது? பிரிட்டனில் சிமெண்டு 25 கிலோ மூட்டையில் விற்கிறது. ஆஸ்திரேலியாவில் 20 கிலோ. அங்கே வீடுகள் எழும்பவில்லையா? நம் கடைகளிலேயே, டைல்ஸ் ஒட்டும் பசைமாவு 20 கிலோப் பையில் கிடைக்கவில்லையா? 1991-இல் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் திருத்தி அமைத்த கணக்கு என்ன சொல்கிறது? பொருள் உடலுக்கு அருகில், இடுப்புயரத்தில், நல்ல பிடியோடு, அடிக்கடி தூக்கத் தேவையில்லாமல் இருந்தாலும் 23 கிலோதான் பரிந்துரை. எல்லா வசதியும் இருந்தால் 23. ஒரு வசதியும் இல்லாதவனுக்கு நாம் கொடுப்பது 50!

‘உலகமே 55 என்று ஒப்புக்கொண்டதாயிற்றே’ என்று சிலர் ஏட்டைக் காட்டுவர். அந்த ஏட்டையும் படிப்போம். 1967-இல் உலகத் தொழில் அமைப்பு, சுமையைப் பற்றி ஓர் உடன்படிக்கை செய்தது. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு தரக்கூடிய எடையை எந்தத் தொழிலாளியையும் சுமக்கச் செய்யவும் கூடாது, சுமக்க விடவும் கூடாது என்பதே அதன் உயிர்நாடி. 2010-இல் இந்தியாவும் அதை ஏற்று ஒப்பமிட்டது. அந்த உடன்படிக்கையோடு வந்த பரிந்துரையில்தான் 55 வருகிறது. எப்படி வருகிறது? ஆணின் சுமை 55-க்கு மேல் இருக்கும் நாடுகள் அதை விரைந்து இந்த அளவுக்காவது இறக்கவேண்டும் என்று வருகிறது. இறங்கிவரச் சொன்ன படி அது. நாமோ அதையே திண்ணையாக்கி உட்கார்ந்துவிட்டோம்!

சட்டம் நமக்குப் புதிதல்ல. உடலுழைப்புத் தொழிலாளருக்கெனத் தமிழ்நாட்டில் 1982-இல் சட்டம் பிறந்தது. 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையேற்ற குழுவும் சங்கங்களும் ஆண்டுக்கணக்கில் நடத்திய இயக்கத்தின் பின்னர், 1996-இல் இந்தியா முழுமைக்குமான சட்டம் வந்தது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தொழிலாளர் நலனுக்கு எனத் தீர்வை வந்தது. 2025 நவம்பர் 21 முதல், அந்தச் சட்டம் பணிப் பாதுகாப்புக்கான 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிற்று. வாரியம் உதவித்தொகை தருகிறது: பிள்ளையின் படிப்புக்கு, விபத்துச் சாவுக்கு, ஈமச் சடங்குக்கு. வேண்டியவைதான், வென்றெடுத்தவைதான். ஆனால் கேட்கிறேன்: செத்தவனை எடுக்கப் பணம் உண்டு, வாழ்பவனை நிமிர்த்த என்ன உண்டு? முதுகு ஒடிந்தபின் தரும் ஆயிரங்களில் ஒரு பங்கு, ஒடியாமல் காக்கும் ஒரு தள்ளுவண்டிக்குப் போகக்கூடாதா?

விலை அதிகமோ என்று மலைக்கவேண்டாம். கலவைத் தொட்டியை இடுப்புயரத்தில் ஏற்றிவைக்க நான்கு கல்லும் ஒரு பலகையும் போதும். செங்கலைத் தரையில் கொட்டாமல் மேடையில் அடுக்க, அதே செங்கல்லே போதும். மாடிக்குச் சரக்கேற்றக் கப்பியும் கயிறும், வசதி இருந்தால் ஒரு மின்தூக்கியும். ஏணிக்குப் பதில் சரிவுப் பலகை. மண்வெட்டிக்கு நீண்ட காம்பு. மூட்டையைத் தனியே தூக்காமல் இருவர் தூக்குவது. நண்பகலில் நிழலும் தண்ணீரும். கழுதைக்கு 1965-இல் கிடைத்த ஓய்வாவது மனிதனுக்கு!

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதையும் மறைக்காமல் பேசுவோம். ‘மூட்டை பாதியானால் நடை இரட்டிப்பாகுமே’ என்று தொழிலாளத் தோழனே கேட்பான். நடை கூடும், உண்மை. ஆனால் முதுகை ஒடிப்பது நடை அன்று, ஒரே நேரத்தில் ஏறும் பாரம். அதற்கும் தள்ளுவண்டி இருந்தால் நடையும் குறையும். ‘மூட்டைக்கு இவ்வளவு என்றுதானே இறக்குகூலி? பாதி மூட்டைக்குப் பாதிக் கூலி என்பார்களே. நேரம் கூடினால் நாள் வருமானம் குறையுமே!’ என்பான். நியாயமான அச்சம்! ஆகவே மூட்டை சிறுக்கும் அன்றே கூலி விகிதமும் திருத்தப்படவேண்டும். அவன் கையில் ஒரு காசும் குறையாமல் சங்கம் நின்று பேசவேண்டும். ‘இயந்திரம் வந்தால் எனக்கு வேலை இருக்குமா?’ என்பாள் சித்தாள். இதுதான் எல்லாவற்றிலும் கூர்மையான கேள்வி. கலவை வண்டியும் குழாயும் வந்த இடங்களில், முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவள் அவளே. அவள் தலைச்சுமையை இறக்குகிறோம் என்று சொல்லி அவள் அடுப்பை அணைத்தால், அது சீர்திருத்தம் ஆகாது, கொடுமையின் மறுபதிப்பு. மின்தூக்கியின் விசையை அவள் கையில் கொடுங்கள். கரணையை அவளுக்குக் கற்றுக்கொடுங்கள். இருபது ஆண்டு கலவை சுமந்தவளுக்குக் கலவையின் பதம் தெரியாதா?

இனி, நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களில் ஊராட்சித் தலைவர்கள் இருக்கிறீர்கள். நகர்மன்ற உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். ஒப்பந்தம் எடுத்துக் கட்டடம் கட்டுவோரும் இருக்கிறீர்கள். வீடு கட்டிக்கொண்டிருப்போர் பலர். கட்சிக்கென மன்றங்கள் எழுப்புகிறோம். மாநாட்டுக்குப் பந்தல் போடுகிறோம். அந்த மேடையில் நின்று தொழிலாளரின் பெருமையை நானும் முழங்குகிறேன், நீங்களும் கையொலி எழுப்புகிறீர்கள். மேடையின் மரங்களைச் சுமந்து வந்த தோள் யாருடையது, தனியே சுமந்ததா, துணையோடு சுமந்ததா என்று கேட்டுவிட்டு மேடையேறும் வழக்கம் நமக்குள் வரவேண்டும். அரசைக் கேட்பதற்கு முன் நாம் செய்து காட்டினால், கேட்கும் குரலுக்குக் கனம் கூடும்.

ஊராட்சிப் பணி ஒவ்வொன்றின் ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேருங்கள்: கலவையும் கல்லும் இடுப்புயரத்தில்; 25 கிலோவுக்குமேல் தனியாள் தூக்கக்கூடாது. நம் பணத்தில் எழும் ஒவ்வொரு கட்டடத்திலும் இதை நடத்திக் காட்டுங்கள். சங்கக் கூட்டங்களில் கூலியோடு கிலோவையும் பேசுங்கள். விதி எழுதவும் திருத்தவும் அதிகாரம் பெற்ற அரசுகளின் வாயிலில் நின்று கேளுங்கள்: சிமெண்டு மூட்டை 25 கிலோ ஆகட்டும், 55 என்ற எண் அட்டவணையிலிருந்து அழியட்டும், ஓடியாடிச் சுமந்து ஓய்ந்துபோன முதுகும் விபத்துக்கு ஒப்பாக எண்ணப்படட்டும்!

இது எட்டாத கனி அன்று. ஆலைகள் அச்சடிக்கும் பையின் அளவு. அரசு அச்சடிக்கும் ஏட்டில் ஓர் எண். இந்த இரண்டும் மாறினால், இலட்சக்கணக்கான முதுகுகள் நிமிரும். மாற்றமாட்டோம் என்று எவரேனும் சொன்னால், அவரை நாம் திட்டவேண்டாம், தோழர்களே. சிமெண்டு மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து வைப்போம். ‘ஒன்றே ஒன்று தூக்குங்கள் ஐயா, மாடி வரைக்கும் போதும்’ என்போம். அவர் பாதிப் படியில் இறக்கிவைக்கும் இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவோம்!